இழுவலையில கண்ணி பெருசா போட்டும் பொடி மீன் ஏறுதே, ஏன்?

கேட்டவர்: உப்புக்காத்து
மாமா விசைப்படகுல போன வாரம் சும்மா ஒரு தடவை கூடப் போயிருந்தேன். வலையோட வாய்ப்பக்கம் கண்ணி (வலை ஓட்டை) என் கை நுழையுற அளவு இருக்கு, ஆனா வலைய இழுத்து மேல கொட்டுனா பாதி காரப்பொடி மீனும் விரல் நீள சங்கரா மீனும்தான், அதெல்லாம் கோழித்தீவனத்துக்குப் போகுதாம். அவ்ளோ பெரிய ஓட்டைல ஏன் தப்பிக்கல?

சுக்கான்:
தம்பி, வாய்ப்பக்கக் கண்ணிய பாக்காதீங்க. மீன் வலைக்கு முன்னாடி நீந்தி நீந்தி களைச்சுப்போய்தான் உள்ள விழும், பக்கத்துல வலை தெரிஞ்சா முட்டாம நடுவுக்கு ஒதுங்கும். கடைசில மீன் சேர்ற பை இருக்குல்ல, கணக்கு அங்கதான். தமிழ்நாட்டுல அந்த இடத்துக்கு குறைஞ்சது 40 மி.மீ. வேணும்ங்கறது சட்டம். அது கண்ணிய இழுத்துப் பிடிச்சு முடிச்சுக்கு முடிச்சு அளக்குறது, அதனால ஒரு பக்கம் பாத்தா 20 மி.மீ.தான்.

பழைய டெக்கு:
சட்டம் சரிதான், ஆனா 40 போட்டா சின்ன இறால் நழுவிடும், டீசல் காசு யாரு குடுப்பா? அதான் சில பேரு உள்ளுக்குள்ள பொடிக்கண்ணி வலைய இன்னொரு பையா தைச்சு வச்சிருக்காங்க, வெளிய பாத்தா தெரியாது.

சுக்கான்:
அண்ணே அது வேற கதை, ஆனா உள்வலை இல்லாட்டியும் பொடி மீன் மாட்டும். நம்ம வலை டைமண்ட் கண்ணி, அதாவது சாய்சதுர ஓட்டை, இழுவை விழுந்து மீன் எடையும் ஏறுனா கண்ணி நீளவாக்குல இழுபட்டு கோடு மாதிரி மூடிக்கும், எந்த அளவு போட்டாலும் கொஞ்சம் அப்படித்தான். அதே வலைய 45 டிகிரி திருப்பித் தைச்சா சதுரக் கண்ணி, இழுத்தாலும் திறந்தே நிக்கும், குட்டி சங்கரா, தும்பிலி மாதிரி உருண்டை மீன் வெளிய போயிரும். காரப்பொடி தட்டையா அகலமா இருக்கறதால அதுக்கு சதுரம் அவ்வளவா ஒத்துவராது. குஜராத், கேரளாவுல சதுரக் கண்ணிய சட்டத்துலயே போட்டிருக்காங்க.

உப்புக்காத்து:
அப்போ மாமா பைல உள்வலை இருக்கான்னு பாக்கணும்னா எங்க பாக்கறது?

பழைய டெக்கு:
பையக் கட்டுற கயிறு பக்கம் கைய விட்டு உருவிப் பாரு, ரெண்டு அடுக்கு நெருடும். மாமாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லாதே 😄