'தி ரிடில் ஆஃப் த சாண்ட்ஸ்': பனிமூட்டத்தில் மெம்மர்ட்டுக்குப் போனது எப்படி?

பழையஅலமாரி:
எர்ஸ்கின் சில்டர்ஸின் 1903 நாவல். ஜெர்மனியின் நார்டர்னே தீவிலிருந்து மெம்மர்ட் தீவு வரை கண்ணே தெரியாத பனியில் சின்னப் படகில் துடுப்புப் போட்டுப் போகும் இடம் பிடிபடவில்லை. கையில் திசைகாட்டி இருக்கும்போது நேராகப் போனால் என்ன? என்னிடம் இருப்பது படமில்லாத மின்நூல்.

ஓதக்கணக்கு:
படமில்லாமல் இந்த நாவல் பாதிதான். முதலில் வரைபடங்கள் உள்ள பதிப்பைத் தேடுங்கள்.

அந்தத் தீவுகளுக்கும் ஜெர்மன் கரைக்கும் நடுவே இருப்பது பெரும்பாலும் மணல். ஒவ்வொரு தீவின் இரு முனைகளிலும் ஓதம் (கடல்நீர் ஏறி இறங்குவது) உள்ளே புகுந்து, தீவின் பின்புறம் சந்திக்கிறது. சந்திக்கும் இடத்தில் ஓட்டம் செத்துப்போவதால் வண்டல் படிந்து மேடாகிறது. ஓதம் மேற்கிலிருந்து முந்தி வருவதால் அந்த மேடு தீவின் நடுவைவிடக் கொஞ்சம் கிழக்கே தள்ளி இருக்கும். வற்றத்தில், அதாவது நீர் இறங்கியிருக்கும்போது, அது வெறும் தரை. நாவலில் வரும் டல்சிபெல்லா மாதிரி பாய்ப்படகு உச்ச ஓதத்தை ஒட்டித்தான் தாண்ட முடியும்.

நங்கூரன்:
திசைகாட்டி முகம் பார்க்கும் திசையைத்தான் சொல்லும்; ஓட்டம் பக்கவாட்டில் தள்ளுவதைச் சொல்லாது. அதனால் டல்சிபெல்லாவின் சொந்தக்காரன் டேவிஸ் இலக்கை நோக்கிப் போவதில்லை, மணலுக்கு நடுவே ஓடும் ஆழமான கால்வாயின் விளிம்பைப் பிடித்துக்கொள்கிறான். கதைசொல்லியான நண்பன் கேரதர்ஸ் துடுப்புப் போட, டேவிஸ் கொக்கிக்கழியால் குத்திக்கொண்டே வருகிறான். கழி மணலில் பட்டால் விளிம்பு; படாவிட்டால் ஆழத்துக்கு விலகிவிட்டோம் என்று திரும்ப ஒதுங்குகிறான். குருடர் சுவரைத் தடவி நடப்பது போல. ஆழத்தின் நடுவில் போனால் எங்கே இருக்கிறோம் என்பதே போச்சு.

பழையஅலமாரி:
அப்போ அடிக்கடி தரைதட்டுவது? டேவிஸ் அலட்டிக்கொள்வதே இல்லையே.

நங்கூரன்:
அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் மையப்பலகையைத் தூக்கிவிட்டால் டல்சிபெல்லா சாயாமல் உட்கார்ந்துவிடும். ஏற்றத்தில் தட்டினால் சும்மா இருந்தாலே மிதக்கும். வற்றத்தில் தட்டினால் உடனே சின்ன நங்கூரத்தைத் துணைப்படகில் ஏற்றி ஆழமான பக்கம் போட்டு, கயிற்றை இழுத்து நகர்த்த வேண்டும். தாமதித்தால் அடுத்த ஏற்றம்வரை அங்கேயேதான். ஆபத்தானது பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய பெரிய ஓதத்தின் உச்சியில் தட்டுவது. அடுத்தடுத்த ஓதங்கள் அந்த உயரத்தை எட்டாது. ஏறக்குறைய இரண்டு வாரம் மாட்டிக்கொள்ளலாம்.

ஓதக்கணக்கு:
படம் கிடைத்ததும் மணலை மட்டும் பார்க்காமல், கரையில் மதகு வைத்த ஓடைகள் எங்கெங்கே கடலில் சேர்கின்றன என்றும் குறித்துக்கொள்ளுங்கள். ஏன் என்று சொன்னால் முடிவு கெட்டுவிடும்.