வியாழக்கிழமை எத்தனை இலை?

குழு: செங்கோட்டை வீடு

அம்மா, காலை 6:20
வியாழக்கிழமை திருவாதிரை. எத்தனை இலை போட வேண்டும் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அன்று காலை பத்து மணிக்கு "நாங்களும் வருகிறோம்" என்று ஃபோன் செய்தால் களியில் தண்ணீரை ஊற்றிப் பெருக்க முடியாது.

சித்தி, 6:31
அக்கா, நாங்கள் இருவர். எதிர் வீட்டு டீச்சரும் வருகிறார். குற்றாலம் சித்திர சபையில் தரிசனம் முடித்துவிட்டு நேரே அங்கேதான். தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழவில்லை, அப்படி உறைந்து கிடக்கிறது. இந்தப் பனியில் இவர் விடியற்காலையிலேயே போக வேண்டும் என்கிறார்.

சித்தப்பா, 6:33
போயே தீருவேன்.

தம்பி, 7:48
புதன் இரவு பொதிகை ரயிலில் ஏறுகிறேன். காலையில் இறங்கியதும் பார்டர் பரோட்டாவும் கோழியும் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வரலாமா?

அம்மா, 7:49
திருவாதிரை அன்றைக்கா?

தம்பி, 7:49
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

நான், 7:50
எல்லோரும் படித்துவிட்டோம்.

மதினி, 8:15
அத்தை, புனலூரிலிருந்து நாங்கள் நான்கு பேர். என் அம்மாவும் அதில் அடக்கம். ஒன்றை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். அம்மா திருவாதிரை நோன்பு இருக்கிறார்கள். அன்று முழுவதும் அரிசி தொடமாட்டார்கள். கோதுமைக் கஞ்சி, கூவைக்கிழங்கு மாவுக் கூழ், கிழங்குப் புழுக்கு, அவ்வளவுதான்.

அம்மா, 8:40
அப்படியானால் களி?

மதினி, 8:41
களியும் அரிசிதானே, அத்தை.

நான், 8:52
அம்மா ஃபோனை வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டார். பாத்திரச் சத்தம் பலமாகக் கேட்கிறது. யாராவது ஏதாவது எழுதுங்கள்.

சித்தப்பா, 8:58
இதில் மனம் வருந்த ஒன்றுமில்லை. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தான் இருந்தது. ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம் அரிசியை விலக்கினால் நோன்பு. இந்தப் பக்கம் அரிசிதான் நைவேத்தியம். நட்சத்திரம் என்னவோ ஒன்றுதான்.

சித்தி, 8:59
எல்லைப் பிரச்சினையைப் பிறகு பேசலாம். சம்பந்தியம்மாள் இலையில் என்ன வைப்பது என்று சொல்லுங்கள்.

அண்ணன், 9:10
புழுக்கு வைத்துவிட்டால் போதும். அதையே இரண்டு முறை வாங்கிச் சாப்பிடுவார்கள். நானும்தான்.

மதினி, 9:14
புழுக்கை நானே வைக்கிறேன். காச்சில், சேனை, சேம்பு, சிறுகிழங்கு, நேந்திரங்காய், வன்பயறு. புளி கிடையாது, வெங்காயம் கிடையாது. தேங்காயோடு பச்சை மிளகாயும் சீரகமும் ஒன்றிரண்டாக அரைத்துச் சேர்த்து, இறக்கிய பிறகு பச்சைத் தேங்காய் எண்ணெயும் கறிவேப்பிலையும் போட்டு மூடிவிட வேண்டும். கிளறவே கூடாது. பாத்திரத்தைக் குலுக்கித்தான் விட வேண்டும்.

அம்மா, 9:40
நீ சொன்னதில் பாதி என் தாளகக் குழம்பில் போகிறது. சேனை, சேம்பு, சிறுகிழங்கு, வாழைக்காய், அதோடு பூசணி, அவரை, பச்சை மொச்சை. ஏழு காய். அவர்கள் தாளகம் சாப்பிடலாம் அல்லவா?

சித்தி, 9:42
அக்கா, தாளக அரைப்பில் ஒரு கரண்டி பச்சரிசி வறுத்துப் போடுவோமே.

தம்பி, 9:43
சித்தி துப்பறியும் துறையில் இருக்க வேண்டியவர்.

அம்மா, 9:55
போடுவோம்தான். அது குழம்பு கெட்டியாவதற்கு. சேனையும் சேம்பும் குழைய வெந்தால் தானாகவே கெட்டிப்படும். இந்த முறை துவரம்பருப்பு, மிளகாய் வற்றல், எள், தேங்காய் மட்டும் வறுத்து அரைத்துக்கொள்கிறேன். எள்ளைக் கடைசியில்தான் போட வேண்டும், வெடிக்கத் தொடங்கியதும் இறக்கிவிட வேண்டும். இரண்டு நொடி கூடினால் குழம்பு முழுவதும் கசக்கும். போன வருடம் தெருவில் ஒரு வீட்டில் சாப்பிட்டேன், பெயர் சொல்லமாட்டேன்.

சித்தி, 9:56
எனக்குத் தெரியும்.

அம்மா, 9:56
தெரிந்தால் சும்மா இரு.

நான், 10:20
பாவூர்சத்திரம் சந்தைக்கு நாளை நான் போகிறேன். சிறுகிழங்கு எவ்வளவு வாங்கட்டும்?

அம்மா, 10:24
தாளகத்துக்கும் புழுக்குக்கும் சேர்த்து மூன்று கிலோ. பெரியதாகப் பொறுக்காதே. கோலிக்குண்டு அளவு இருந்தால் ருசி. மண்ணோடு இருப்பதையே வாங்கு. கழுவி வைத்திருப்பது இரண்டு நாளில் அழுகிவிடும்.

தம்பி, 10:31
மூன்று கிலோவை யார் தோல் எடுப்பது?

அம்மா, 10:32
நீதான்.

அண்ணன், 10:33
நீதான்.

சித்தப்பா, 10:33
நீதான்.

தம்பி, 10:35
ரயிலில் இரவு முழுவதும் வந்த களைப்பு என்று ஒன்று உண்டு.

நான், 10:41
உட்கார்ந்துகொண்டே செய்யலாம். கத்தி வேண்டாம். ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு, ஈரச் சாக்கில் கட்டித் துணி துவைக்கிற கல்லில் அடித்து உருட்டினால் முக்கால்வாசித் தோல் மண்ணோடு போய்விடும். கண் கண்ணாக ஒட்டியிருப்பதை மட்டும் நகத்தால் சுரண்ட வேண்டும். கை கறுத்துப்போகும். முன்னதாகவே எண்ணெய் தடவிக்கொள்.

தம்பி, 10:43
உறைந்த எண்ணெயையா?

சித்தி, 10:44
வெயிலில் வை. பேச்சைப் பார்.

மதினி, 11:30
அத்தை, அம்மாவிடம் இப்போதுதான் பேசினேன். களியை விட மனமில்லையாம். "மறுநாள் புணர்பூசத்தில் குளித்து நோன்பு முடிந்ததும் சாப்பிடுகிறேன், ஒரு டப்பாவில் எடுத்து வை" என்கிறார்கள். ஒரு நாள் தாங்குமா?

அம்மா, 11:52
இந்தக் குளிரில் தாங்கும். ஆனால் தேங்காய் போட்டது, ருசி இறங்கிவிடும். ஆறிய களியைச் சம்பந்திக்குக் கொடுத்து அனுப்ப எனக்கு இஷ்டமில்லை. பச்சரிசியைச் சிவக்க வறுத்து ரவையாக உடைத்து, பாசிப்பருப்பையும் வாசம் வர வறுத்துக் கலந்து கட்டித் தருகிறேன். ஒரு டம்ளர் ரவைக்கு ஒன்றரை டம்ளர் பொடித்த வெல்லம், மூன்று டம்ளர் தண்ணீர். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிக் கொதிக்கவிட்டு, ஒரு கையால் தூவி மறு கையால் கிளற வேண்டும். வெந்ததும் நெய், தேங்காய்ப்பூ, ஏலக்காய், முந்திரி. வெள்ளிக்கிழமை காலையில் சுடச்சுடச் சாப்பிடட்டும். வெல்லமும் நானே தருகிறேன்.

மதினி, 11:54
அத்தை, வெல்லம் புனலூரிலும் கிடைக்கும்.

அம்மா, 11:55
கிடைக்கட்டும்.

சித்தப்பா, 12:05
ஆக, ஒரு திருவாதிரைக்கு இரண்டு நாள் களி. முடிந்தால் நானும் வெள்ளிக்கிழமை புனலூருக்கு ரயிலேறலாம். பதின்மூன்று கண் பாலத்தையும் பார்த்தது போல இருக்கும்.

சித்தி, 12:06
இவருக்குச் சர்க்கரை 210. இருவீட்டாரும் கவனிக்கவும்.

சித்தப்பா, 12:07
அது சாப்பாட்டுக்குப் பின் எடுத்த அளவு.

அண்ணன், 12:30
கணக்கு: நாங்கள் நான்கு, சித்தி வீடு இரண்டு, டீச்சர், தம்பி, அம்மா, தங்கை வீடு மூன்று. பன்னிரண்டு இலை. அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தனுப்ப ஆறு தூக்கு. பெரிய உருளி வேண்டுமே, எங்கே இருக்கிறது?

சித்தி, 12:41
எங்கள் வீட்டுப் பரணில். இறக்க இரண்டு பேர் வேண்டும்.

சித்தப்பா, 12:42
நான் இருக்கிறேனே.

சித்தி, 12:42
இரண்டு பேர் வேண்டும் என்றேன்.