குறொஸ் மெம்பர் போல்ட் திரும்பத் திரும்ப லூசாகுது, என்ன செய்யலாம்?

முள்ளியவளை வான்:
அண்ணைமார் ஒருக்காச் சொல்லுங்கோ. என்ர டொல்பின் வான் பள்ளிக்கூடப் பிள்ளையள ஏத்துறது, கடல் பக்கமும் ஓடுறதால அடிப்பக்கம் நல்லாக் கறள் பிடிச்சிட்டுது. போன மாசம் கறள் தின்ன இடத்த வெட்டித் தகடு வச்சு ஒட்டி, முன் குறொஸ் மெம்பரையும் (அடியில குறுக்கால போற இரும்புச் சட்டம்) லோவர் ஆம் எண்ட, சில்லைப் பிடிக்கிற கீழ்க் கையையும் கழட்டிப் பெயின்ற் அடிச்சுத் திரும்பப் பூட்டினது. கராஜில எயார் கன்னாலதான் (காத்தழுத்தத்தில போல்ட் திருப்புற மிசின்) இறுக்கினவை. ஒட்டுசுட்டான் பக்கம் கிறவல் றோட்டில மூண்டு கிழமை ஓட டக் டக் எண்டு சத்தம், கீழ படுத்துப் பாத்தா ரெண்டு போல்ட் ஸ்பனர் வச்ச உடன திரும்புது. நான் இறுக்கிப் பத்து நாளில பிறகும் லூஸ். பிள்ளையள் இருக்கிற வண்டி, எனக்கு நித்திரையே இல்லை. ஸ்பிறிங் வாசர் மாத்தினாச் சரியோ?

பரந்தன் கராஜ்:
தம்பி, வாசர் இல்லப் பிரச்சினை. குறொஸ் மெம்பர் சேசியில, அதான் வண்டியின்ர அடிச்சட்டத்தில, போய் முட்டுற முகத்திலயும் பெயின்ற் அடிச்சனீங்களோ? அடிச்சிருந்தா அதுதான். போல்ட் இறுகேக்க றப்பர் மாதிரி ஒரு துளி நீளும், அந்த இழுவைதான் ரெண்டு இரும்பையும் சேத்துப் பிடிக்கிறது. இடையில பெயின்ற், கறள், வெல்டிங் பொரி எது கிடந்தாலும் றோட்டு அடிக்க அடிக்க அது நசிஞ்சு மெலியும், நீண்ட போல்ட் சுருங்கி இழுவை போயிடும், பிறகு தன்பாட்டில கழரும். திரும்பக் கழட்டி முட்டுற முகத்தையும் போல்ட் தலை இருக்கிற இடத்தையும் வெறும் இரும்பு தெரியச் சுரண்டுங்கோ. கறள் வராம பெயின்ற வெளியால, இறுக்கின பிறகு அடிக்கலாம். லூசா ஓடின போல்டுகள எறிஞ்சிட்டுப் புதுசு போடுங்கோ, உள்ளுக்க நைலோன் வளையம் இருக்கிற நட்டும் அப்பிடித்தான்.

மல்லாவி 4டி:
அந்த லோவர் ஆம் கையையும் பாருங்கோ! ஜாக்கில தூக்கி, சில்லு தொங்கேக்க இறுக்கினவையோ? அப்பிடி இறுக்கினா அதின்ர மூட்டில இருக்கிற றப்பர் புஷ் அந்தத் தொங்கின நிலையிலயே பிடிபட்டிடும், வண்டிய இறக்கின உடன றப்பர் முறுகும், கொஞ்ச நாளில கிழியும். கையால பூட்டி, வண்டிய நாலு சில்லிலயும் இறக்கி, ஒருக்கா ஆட்டி விட்டிட்டுத்தான் கடைசி இறுக்கு.

முள்ளியவளை வான்:
தொங்க விட்டுத்தான் இறுக்கினவை அண்ணை. பெயின்றும் எல்லா இடமும் அடிச்சது. என்னட்ட டோர்க் றெஞ் (எவ்வளவு இறுக்கிறம் எண்டு காட்டுற ஸ்பனர்) இல்லை, எவ்வளவு இறுக்கிறது?

பரந்தன் கராஜ்:
முதல்ல அந்த மொடல் மனுவல்ல இருக்கிற அளவு, அதுதான் கணக்கு. கைக்கு ஒரு அளவு தெரியிறதுக்குச் சொல்லுறன், தலையில 8.8 எண்டு பலம் குறிச்சிருக்கிற 12 மில்லி போல்ட் காய்ஞ்ச மரைக்கு 80 - 90 நியூட்டன் மீற்றர், 10.9 எண்டா 120 கிட்ட. மரையில கிறீஸ் பூசினா அதே அளவுக்கு இறுக்காதேங்கோ, உராய்வு குறைய போல்ட் கூட இழுபட்டு அறும். றெஞ் இரவல் வாங்கப் பாருங்கோ. கிடைக்காட்டி அரை மீற்றர் கைபிடியில தொங்கு தராசக் கொழுவி நேர்குத்தா 17 கிலோ இழுத்தா 83 நியூட்டன் மீற்றர் வரும். எயார் கன் கழட்டத்தான், கடைசி இறுக்குக்கு வேண்டாம். எல்லாத்தையும் முதல்ல பாதிக்கு இறுக்கி, பிறகு குறுக்கால மாறி மாறி முழுசா. முடிய நட்டிலயும் இரும்பிலயும் சேத்துப் பெயின்றால ஒரு கோடு கீறி விடுங்கோ, நகர்ந்தாத் தெரியும். அதுவரைக்கும் பிள்ளையள ஏத்தாதேங்கோ தம்பி.

முள்ளியவளை வான்:
கழட்டிப் பாத்தன், முகத்தில பெயின்ற் நசிஞ்சு தூளாக் கிடக்கு, ஒரு பக்கப் புஷ் கிழிஞ்சும் போச்சு. ஞாயிறு வரைக்கும் அயலட்ட வான்காரர் பிள்ளையளக் கொண்டு போறார். புது போல்டும் புஷ்சும் நாளைக்குக் கிளிநொச்சியில எடுக்கிறன்.