தோப்புச் சிலந்திகள்: மரத்துல கண்டதை இங்க போடுங்க

நத்தம் மாந்தோப்பு
கூட்டமா வாழுற சிலந்தியோட கூட்டை, இலை பிணைக்கும் புழுன்னு நினைச்சுக் கொளுத்துறாங்க. கிளையோட எரியுது, மனசு கேக்கல. சிலந்திக் கூடுன்னா அப்படியே விட்டுருங்க. பிரிச்சுப் பார்த்தாலே தெரியுமே! புழுக்கூடுன்னா உள்ள கருப்பு உருண்டையா எச்சமும், நரம்பு மட்டும் மிஞ்சின காய்ஞ்ச இலையும் இருக்கும். சிலந்திக் கூடு ஓட்டை ஓட்டையா, வண்டு ஓடும் ஈ இறக்கையும் ஒட்டிக் கிடக்கும். பகல்ல பெரும்பாலும் வெளிய வராது. அந்தி சாய்ஞ்சதும் வந்து வலையைச் செப்பனிடும். நூல்ல பசை கிடையாது. கம்பளி மாதிரி பிசிருலதான் பூச்சியோட கால் சிக்குது.

கூட்டுக்குள்ள ஒரு தாயைச் சுத்தி குஞ்சுங்க மொய்ச்சிருந்துச்சு. தாய் ஓடல, உதறல. குஞ்சுங்க தாயையே உறிஞ்சி முடிச்சப்ப வெறும் தோல்தான் மிச்சம்.

மேலூர் பக்கம்
அண்ணே, அப்படியே விட்டுருங்கங்கிறது பூ இல்லாத காலத்துக்குத்தான் சரி. தை மாசம் பூங்கொத்தை ஒட்டி வலை இருந்தா தேனீயும் மாட்டும், ஈயும் மாட்டும். மாம்பூவுல மகரந்தம் சேர்க்குறதுல ஈக்கு பெரிய பங்கு. உச்சி வெயில்ல எல்லாம் உள்ள கிடக்கும்போது கூட்டைத் துணியில சுத்தி, கிளையோட வெட்டி, வேலியோரக் கருவேலத்துல கட்டிடுங்க.

நத்தம் மாந்தோப்பு
வெட்டி மாத்துறதுல தப்பில்ல. ஆனா மாம்பூவுல சாறு உறிஞ்சுற தத்துப்பூச்சிக்கு இந்த வலையை மட்டும் நம்பக் கூடாது. பூங்கொத்துல வலை பின்னாம பாய்ஞ்சு பிடிக்கிற முள்ளுக்கால் சிலந்தியும் குதிக்கும் சிலந்தியும் வேணும். லாம்ப்டா சைஹாலோத்ரின்ங்கிற பூச்சிமருந்து அடிச்சா முதல்ல சாகுறது அதுங்கதான்.

சோழவந்தான் தென்னை
மட்டை இடுக்குல உள்ளங்கை அகலச் சிலந்தி, நெஞ்சுக்கு அடியில ரூபாய்க் காசு மாதிரி தட்டையா முட்டைப்பை. விஷப்பூச்சின்னு அரிவாளால தட்டிட்டாங்க. கரப்பானை வேட்டையாடுற சிலந்தி அது. முட்டைப்பை பின்பக்கம் உருண்டையா ஒட்டியிருந்தா அது தரையில ஓடுற ஓநாய்ச் சிலந்தி. மரத்தடியில 6 அடி வட்டத்துக்கு உரிமட்டையும் ஓலையும் பரப்பி வெச்சா அதுக்கு ஒதுங்க இடம் கிடைக்கும். மாசா மாசம் ரோட்டாவேட்டர் ஓட்டினா எதுவும் தங்காது.

அழகர்கோவில் அடிவாரம்
இலையைப் பிணைச்சுக் கூடு கட்டுற செவ்வெறும்பு முசுறு. அதோட கூட்டுப் பக்கத்துல ஒரு முசுறு மட்டும் தட்டினதும் விழாம நூல்ல தொங்குச்சு. எண்ணினா 8 கால்! முசுறு வேஷம் போட்ட குதிக்கும் சிலந்தி. ஆண்னா தாடை நீண்டு, இன்னொரு எறும்பைக் கவ்விட்டுப் போற மாதிரியே இருக்கும்.

சிலந்தி இருக்கு, இல்லங்கிற சண்டைக்கு எண்ணிப் பார்க்குறதுதான் வழி. கிளைக்கு அடியில 1 மீட்டர் சதுர வெள்ளைத் துணி பிடிச்சாப் போதும், இல்ல குடையைத் தலைகீழாப் பிடிங்க. மரத்துக்கு 4 திசையிலயும் ஒவ்வொரு கிளை, கிளைக்கு 5 தடவை தட்டி, விழுறதை எண்ணணும். எல்லா மரத்துக்கும் அதே கணக்குல தட்டணும், இல்லன்னா ஒப்பிட முடியாது. பனி காய்ஞ்ச பிறகு தட்டுங்க. ஈரத்துணியில ஒட்டிக் கால் பிய்ஞ்சிரும். மருந்து அடிச்ச மரம், அடிக்காத மரம் ரெண்டையும் ஒரே நாள்ல எண்ணணும். குஞ்சை வெச்சு இனம் சொல்ல முடியாது, முழுசா வளர்ந்தது வேணும். வாய்ப்பக்க உணர்கொம்பு நுனி குத்துச்சண்டைக் கையுறை மாதிரி புடைச்சிருந்தா ஆண். பெண்ணுக்கு வயித்தடியில இருக்குற இனப்பெருக்கத் தகடைப் பார்க்கணும், அதுக்கு நுண்ணோக்கி வேணும். சிலந்தியை 70 சதவீத ஆல்கஹால்ல போட்டு, இடம், தேதி, மரம் எழுதின சீட்டையும் குப்பிக்குள்ளயே போடுங்க. பென்சில்ல எழுதுங்க, பேனா மை கரைஞ்சிரும்.