வேட்பாளர்களின் வெளிநாட்டுக் கொள்கையை எப்பிடி ஒப்பிடுறது?

நெடுங்கேணி வாசகன்:
உயர்தர அரசியல் விஞ்ஞானப் பிள்ளைகளுக்கு 2024 ஜனாதிபதித் தேர்தலை வைச்சு ஒப்பீட்டு அட்டவணை ஒண்டு தயாரிக்கிறன். விஞ்ஞாபனங்களைப் பாத்தால் எல்லாரும் எல்லா நாட்டோடயும் நட்பு எண்டுதான் எழுதியிருக்கினம். வித்தியாசத்தை எங்க தேடுறது?

பூநகரிக் காற்று:
இந்தியா, சீனா எண்டு நாட்டுப் பேரை நிரையில போடாதேங்கோ, நட்பு எண்ட சொல்லுத்தான் கட்டங்களை நிரப்பும். ஆம் அல்லது இல்லை எண்டு முடிவெடுக்க வேண்டிய விடயத்தைப் போடுங்கோ. எங்கட பக்கத்திலயே உதாரணம் இருக்கு: அதானியின்ர காற்றாலைத் திட்டம். மன்னாரில 250, பூநகரியில 234, மொத்தம் 484 மெகாவாற். 2024 மேயில அப்ப ஜனாதிபதியா இருந்த ரணிலின்ர அமைச்சரவை அலகொண்டை 8.26 அமெரிக்கச் சதப்படி 20 வருசத்துக்கு வாங்க ஒப்புதல் குடுத்தது. செப்டெம்பரில, வாக்களிப்புக்கு முன்னம், இதை ரத்துச் செய்வம் எண்டு வேட்பாளர் அநுர தொலைக்காட்சியில சொன்னார். அவர் வென்ற பிறகு அமைச்சரவை அந்த ஒப்புதலை மீளப்பெற்றுது, 2025 பெப்ரவரியில கொம்பனி தானே விலகினது. சர்வதேச நாணய நிதியக் கடன் ஒப்பந்தத்தையும் சேருங்கோ: 2023 மார்ச், கிட்டத்தட்ட 300 கோடி டொலர், 48 மாதம். திரும்பப் பேசுவம் எண்டு சஜித்தும் அநுரவும் சொல்லிச்சினம். வென்ற பிறகு அநுர அதையே தொடர்ந்தார். வாக்குறுதிக்கு ஒரு நிரல், நடந்ததுக்கு ஒரு நிரல் கட்டாயம் வேணும்.

மன்னார்க் கரை:
"அதிகாரம் ஆரிட்ட?" எண்டும் ஒரு நிரல் போடுங்கோ. இந்திய றோலர் (இழுவைமடிப் படகு) எங்கட கடலுக்குள்ள வாற பிரச்சினையில பிள்ளைகள் பிழைவிடுறது இங்கதான். கடல் எல்லை 1974, 1976 ஒப்பந்தங்களால வரையப்பட்டது. இழுவைமடித் தொழிலை 2017 திருத்தச் சட்டம் ஏற்கெனவே தடைசெய்திட்டுது. ஆகவே "சட்டம் கொண்டுவருவன்" எண்டு ஒரு வேட்பாளர் சொன்னால் அதுக்குப் புள்ளி குடுக்க வேண்டாம். முப்படைத் தளபதி எண்ட முறையில கடற்படைக்கு என்ன உத்தரவு குடுப்பார், டில்லியோட எதைப் பேசுவார், இந்த ரெண்டும்தான் ஜனாதிபதியின்ர கையில இருக்கு. தூதுவர் நியமனமும் அவரிட்டத்தான், அரசியலமைப்பின்ர உறுப்புரை 33. உறுப்புரை 157இன்ர கீழ் முதலீட்டு ஒப்பந்தம் ஒண்டுக்குச் சட்ட வலு குடுக்கிறதெண்டால் பாராளுமன்றத்தில மூன்றில் இரண்டு வேணும்.

வவுனியாத் தமிழ்:
ஜெனீவா நிரைக்கு, அதாவது ஐ.நா. மனித உரிமைப் பேரவையில இலங்கை பற்றி வாற தீர்மானங்களுக்கு, வேட்பாளர்களின்ர பேச்சைப் பாக்கிறது வீண், அரசு செய்ததைப் பாருங்கோ. 2015இல ரணில் பிரதமர், 30/1 தீர்மானத்துக்கு இலங்கையே இணை அனுசரணை. 2022இல அவரே ஜனாதிபதி, 51/1ஐ அரசு எதிர்த்தது. 2024 ஒக்டோபரில அநுர அரசும் 57/1ஐ நிராகரிச்சது. காணாமல் ஆக்கப்பட்டவையின்ர தாய்மார் இன்னும் வீதியில நிக்கினம். இந்த நிரையை எங்கட பிள்ளைகள் நல்லா விளங்கவேணும்.

நெடுங்கேணி வாசகன்:
நன்றி. மாகாண சபைகளுக்கு அதிகாரம் குடுக்கிற 13ஆம் திருத்தத்தையும் இதுக்குள்ள போடலாமோ?

மன்னார்க் கரை:
போடுங்கோ, 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தால வந்ததுதானே. சஜித்: முழுமையாக. ரணில்: பொலிஸ் அதிகாரம் இல்லாமல். நாமல்: காணியும் இல்லை, பொலிசும் இல்லை. தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனைத் தனியா வையுங்கோ. அவர் நிண்டது வெல்லுறதுக்கில்லை, தமிழரின்ர சுயநிர்ணயக் கோரிக்கையை வெளியுலகத்துக்குச் சொல்லுறதுக்கு.