தேன் போத்தலும் மண்சட்டியும் பார்சலில் அனுப்ப, செலவு குறைந்த பெட்டி எது?

முள்ளியவளை (கேள்வி)
வணக்கம். காட்டுத்தேனும் சின்ன மண்சட்டிகளும் கொழும்புக்கும் கண்டிக்கும் பார்சலில் அனுப்புகிறோம். தேன் 750 மில்லி கண்ணாடிப் போத்தலில்தான் போகிறது. போத்தலோடு நிறுத்தால் ஒன்றரைக் கிலோ அளவு வரும். கடையில் வாங்கிய பழைய பிஸ்கட் பெட்டியில் வைத்து, பேப்பர் கசக்கிப் போட்டு ஒட்டி அனுப்புவோம். போன மாதம் ஒரு பெட்டி அடி பிரிந்து, உள்ளே இருந்த இரண்டு போத்தலும் முட்டி உடைந்துவிட்டன. வாங்கியவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். பபிள் ரப் (காற்றுக் குமிழ் வைத்த பிளாஸ்டிக் தாள்) சுருளாக வாங்கினால் கிடைக்கிற இலாபம் அதிலேயே போய்விடும். குறைந்த செலவில் வேறு வழி இருக்கிறதா?

பரந்தன்
தங்கச்சி, முதலில் பெட்டியை மாற்றுங்கள். அட்டையின் வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். இரண்டு தாளுக்கு நடுவே ஒரே ஒரு அலை ஓடினால் அது மூன்று தாள் அட்டை. பிஸ்கட் பெட்டி அந்த வகைதான், பாரம் குறைந்த சாமானுக்குச் செய்தது. இரண்டு அலை தெரிந்தால் ஐந்து தாள். பாரமான சாமானுக்கு அதுதான் தாங்கும்.

காசு கொடுத்துப் புதுப் பெட்டி வாங்க வேண்டியதில்லை. சாராயப் போத்தல்கள் வருகிற 12 போத்தல் பெட்டியில் பெரும்பாலும் அட்டைத் தடுப்பு இருக்கும். வீட்டில் யாரையாவது விட்டுக் கடையில் கேட்டு எடுப்பியுங்கள். அதை வெட்டி 2 அல்லது 4 அறைப் பெட்டியாக மடிக்கலாம். உங்கள் போத்தலும் அதே 750 மில்லி அளவென்றால் அறைக்குள் சரியாக இறங்கும். கண்ணாடியோடு கண்ணாடி முட்டாததுதான் முக்கியம், சுற்றுகிற பேப்பரெல்லாம் அதற்குப் பிறகுதான்.

வவுனியா
அண்ணா சொன்ன தடுப்பு நல்ல யோசனை. அதோடு ஒன்று: பெட்டி பெரிதாக வேண்டாம். நீளம், அகலம், உயரத்தைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000 ஆல் பிரித்து, அந்தக் கிலோவுக்குக் காசு எடுக்கிற கூரியர்களும் உண்டு. 40×30×25 பெட்டி என்றால் 6 கிலோ கணக்கு. உள்ளே இரண்டு போத்தல் 3 கிலோதான். வெறும் இடத்துக்குக் கட்டணம் கட்டுவதோடு, அந்த இடத்தில்தான் போத்தல் ஆடி உடைகிறது. தபாலில் நிறைதான் கணக்கு, ஆனாலும் ஆடுகிற பிரச்சினை அங்கேயும் அதேதான். மூடிய பெட்டியைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். ஏதும் சத்தம் கேட்டால் திரும்பத் திறந்து நிரப்புங்கள்.

முள்ளியவளை
நன்றி அண்ணா, அக்கா. இடைவெளிக்கு வைக்கோல் போடலாமா? எங்களிடம் நிறைய இருக்கிறது. மண்சட்டிக்கும் அதுவே போதுமா?

பரந்தன்
வைக்கோல் வேண்டாம். ஈரம் பிடிக்கும், பூச்சி வரும், பாரம் வைத்தால் அமுங்கி இடம் விடும். உமியும் சரிவராது, சின்ன இடுக்கால் கொட்டிவிடும். பழைய பேப்பரை இறுக்கமாகச் சுருட்டிச் சுவருக்கும் சாமானுக்கும் நடுவே இரண்டு விரல்கட்டை கனத்துக்குத் திணியுங்கள். தளர்வாகக் கசக்கிய பேப்பர் வழியிலேயே தட்டையாகிவிடும். சட்டிக்குள்ளும் பேப்பரை நிரப்பி, விளிம்பைத் தனியாகச் சுற்றுங்கள். மண்சட்டியில் முதலில் போவது விளிம்புதான். தேனையும் சட்டியையும் ஒரே பெட்டியில் வைக்கவே வேண்டாம். பாரமான போத்தல் சட்டியை நொருக்கிவிடும்.

அடியில் ஒட்டுகிற டேப்பை நடுக்கோட்டிலும் இரு முனைகளிலும் H வடிவில், இரண்டு மடிப்பாக ஒட்டுங்கள். உங்கள் பெட்டி அடி பிரிந்ததற்கு நடுவில் மட்டும் ஒட்டியதும் காரணமாக இருக்கலாம். மேலே சணல் கயிறு குறுக்கும் நெடுக்கும் கட்டினால் தூக்குபவர்களுக்குப் பிடி கிடைக்கும். பிடியில்லாத பாரப் பெட்டிதான் கைதவறி விழும்.

வவுனியா
மழைக்காலத்தை யாரும் சொல்லவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் லொறியிலிருந்து இறக்கும்போது அட்டை நனைந்தால் பலமெல்லாம் போய்விடும். போத்தலை ஒவ்வொன்றாகத் தடித்த பொலித்தீனில் போட்டு வாயைக் கட்டுங்கள். அதற்குள்ளேயே தேனை உறிஞ்சுகிற அளவுக்குப் பழைய பருத்தித் துணியும் வையுங்கள். ஒன்று உடைந்தாலும் மற்றவர் பார்சல் கெடாது. மூடிக்கு மேலும் டேப் சுற்றுங்கள், பழைய போத்தல் மூடி பெரும்பாலும் கசியும். கழுவிக் காயவைத்த உரப்பைக்குள் பெட்டி முழுவதையும் வைத்துத் தைத்து அனுப்பினால் தண்ணீர் உடனே அட்டைக்குப் போகாது. முகவரியைப் பையில் மட்டுமில்லாமல் உள்ளே பெட்டியிலும் எழுதி ஒட்டுங்கள்.

முள்ளியவளை
சரி அக்கா. நாளைக்கு முதலில் தேனுக்குப் பதில் மணல் நிரப்பிய போத்தல் இரண்டைப் பொதி செய்து, இடுப்பு உயரத்திலிருந்து போட்டுப் பார்க்கப் போகிறோம். மணல் தேனைவிடக் கொஞ்சம் பாரம், அது தாங்கினால் தேனும் தாங்கும்தானே?

பரந்தன்
தாங்கும். நேராக மட்டும் போடாமல், ஒரு மூலை கீழே படும்படியும் போடுங்கள்.