கானாடுகாத்தானில் மொபிலிட்டி ஸ்கூட்டர் ஓடுமா?

சிராங்கூன்வாசி:
அப்பத்தாவோடு சிங்கப்பூரிலிருந்து திருச்சி வழியாக வருகிறோம். செட்டிநாட்டு ஊரான கானாடுகாத்தானில் விடுதியாக்கிய பழைய வீடு ஒன்றில் மூன்று நாள் தங்கல். ஆத்தங்குடி, பிள்ளையார்பட்டி, காரைக்குடி பழம்பொருள் கடைகள் பார்க்க வேண்டும். அப்பத்தா கைத்தடி ஊன்றிப் பத்தடி நடப்பார்கள், அவ்வளவுதான். வண்டி, நடக்க முடியாதவர்கள் உட்கார்ந்து ஓட்டும் மூன்று சக்கர மடக்கு ஸ்கூட்டர், 26 கிலோ. கழற்றும் லித்தியம் பேட்டரி, 24 வோல்ட், 12 ஆம்பியர் ஹவர். விமானத்தில் விடுவார்களா? வீட்டுக்குள் ஓட்டலாமா?

பேட்டரிக்காரர்:
பேட்டரியின் கொள்ளளவு 24 × 12 = 288 வாட் ஹவர். விமானத்தில் கழற்றும் பேட்டரிக்கு வரம்பு 300, தப்பித்தீர்கள். இரண்டு பேட்டரி வண்டியென்றால் ஒவ்வொன்றும் 160-க்குள் இருக்கணும். வண்டி சரக்கோடு போகும். பேட்டரி உங்களோடு கேபினுக்குள் வரணும், முனைகளை டேப் ஒட்டி மூடிவிடுங்கள். அதன்மேல் உள்ள வாட் ஹவர் எண் தேய்ந்திருந்தால் கவுண்டரில் வாக்குவாதம்தான். 48 மணி நேரம் முன்பே விமான நிறுவனத்துக்குச் சொல்லி, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள்.

சிங்கப்பூர் சார்ஜரின் சதுரப் பின் இங்கே நுழையாது, அடாப்டர் எடுத்து வாருங்கள். 2 ஆம்பியர் சார்ஜரில் காலி பேட்டரி நிரம்ப ஆறரை மணி நேரம் பிடிக்கும். வெயிலில் ஓடிய சூட்டோடு சார்ஜ் போடாதீர்கள், ஒரு மணி நேரம் ஆறட்டும்.

முகப்பு:
தம்பி, வண்டி தெருவுக்கு, வீட்டுக்குள் நாற்காலி. இந்த ஊர் வீடுகளுக்கு இதுதான் கணக்கு. தெருக்கள் அகலம், நேர்கோடு, ஸ்கூட்டருக்கு வாகாக இருக்கும். ஓரத்துச் செம்மண்ணில் மட்டும் இறக்காதீர்கள், சின்னச் சக்கரம் புதையும்.

வீடோ தரைமட்டத்திலிருந்து உயர்ந்து நிற்கும். இரண்டடி உயரம் ஏற 1:12 சரிவு (ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம்) என்றால் 24 அடிப் பலகை வேண்டும், யார் போடுவது? வீட்டின் முன்பகுதியான முகப்பைத் தாண்டினால் நிலைப்படி. முன்சக்கரம் ஏறிவிடும், அடிப்பாகம் படியில் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் முன்னேயும் போகாது, பின்னேயும் வராது. உள்ளே வளவில், அதாவது வீட்டின் நடுக்கட்டில், முற்றம் தாழ்வாக இருக்கும், ஓரத்தில் தடுப்பு கிடையாது. தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் ஈரமானால் வழுக்கும். காலையில் தரை துடைத்துக் காயும்வரை யாரையும் நடக்க விடாதீர்கள்.

பல வீடுகள் இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். பின்கட்டு வாசலில் எத்தனை படி என்று விடுதியில் கேளுங்கள். “ஒன்றிரண்டுதான்” என்ற பதிலை நம்பாமல், அளவு டேப் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

சிராங்கூன்வாசி:
நன்றிண்ணே. இரண்டு தண்டவாளம் மாதிரி மடக்குச் சரிவு விற்கிறார்களே, ஒற்றைப் படிக்கு அது போதுமா?

பேட்டரிக்காரர்:
மூன்று சக்கரத்துக்கு ஆகவே ஆகாது. முன்சக்கரம் நடுவில் அல்லவா இருக்கிறது, அந்தரத்தில் தொங்கும். முழுப்பலகைதான் வேண்டும்: இரண்டரை அடி அகலம், 18 மி.மீ. பிளைவுட், கீழே இரண்டு குறுக்குச் சட்டம். ஆறு அங்குலப் படிக்கு ஆறடி நீளம்.

பலகையில் இருக்கும்போது நியூட்ரல் லீவரைத் தொடவே கூடாது. அதை இழுத்தால் மோட்டாரும் பிரேக்கும் விடுபட்டு வண்டி தானாக உருளும். ஆளை இறக்கிவிட்டு, வேகத்தைக் குறைந்தபட்சத்தில் வைத்து, பக்கத்தில் நடந்தபடி ஏற்றுங்கள்.

குன்றக்குடி ரோடு:
பிள்ளையார்பட்டிக்குச் சங்கடஹர சதுர்த்தியன்று போகாதீர்கள், கூட்டத்தில் சக்கர நாற்காலி நகராது. ஸ்கூட்டரைக் காரிலேயே விட்டுவிட்டு, கோயில் அலுவலகத்தில் சக்கர நாற்காலி கேட்டுப் பாருங்கள். மதியம் கல்தரை சுடும், காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். வழியில் உள்ள குன்றக்குடி முருகன் மலைமேல் இருக்கிறார், படிதான். கீழிருந்தே கும்பிட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் சாமான்கள் வாசல்வரை அடைத்திருக்கும். வண்டியை வெளியே நிறுத்திச் சாவியை எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டதைக் கடைக்காரர்களே வாசலுக்குக் கொண்டுவந்து காட்டுவார்கள்.

கார் இன்னோவா மாதிரி பெரியதாக எடுங்கள். 26 கிலோ என்பது நிரம்பிய கேஸ் சிலிண்டரைவிடக் கொஞ்சம்தான் குறைவு, தூக்க இரண்டு பேர் வேண்டும். படி ஏற்ற அப்பத்தாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்காதீர்கள், கால் விரிந்துகொள்ளும். கை வைத்த மர நாற்காலி ஒன்றை விடுதியில் இப்போதே சொல்லி வையுங்கள்.